இடம் விட்டு வைக்கும் கரி

மின்கலத்தை மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்மின்வாயை விட்டு நீங்கி, மின்பகுளியின் வழியே சென்று, எதிர்மின்வாயினுள் தங்குகின்றன. பெரும்பாலான கலங்களில் அத்தங்குமிடம் கிராஃபைட். அதன் கரிப்படலங்களுக்கிடையே ஆறு கரியணுக்களுக்கு ஒரு லித்தியம் இடம்பெறும். ஆதலால் ஒரு கிராம் கிராஃபைட் 372 மில்லி ஆம்பியர் மணிக்கு மேல் கொள்வதில்லை.

இங்கே சொல் பற்றி ஒன்று கூற வேண்டும். மின்பகுப்புப் பாடத்தில் ஆனோடு நேர்மின்வாய். மின்னிறக்கம் நிகழும் மின்கலத்திலோ அதுவே எதிர்மின்வாய். மாணவர் தடுமாறும் இடம் இது. ஆசிரியர்கள் முதலிலேயே தெளிவாக்கிவிடுவது நன்று.

சிலிக்கன், லித்தியத்துடன் சேர்ந்து உலோகக் கலவையாகவே மாறிவிடுகிறது. நான்கு சிலிக்கன் அணுக்கள் பதினைந்து லித்தியம் அணுக்களை ஏற்கும். கிராமுக்கு ஏறத்தாழ 3,600 மில்லி ஆம்பியர் மணி. பிறகேன் கிராஃபைட்டைக் கைவிடவில்லை? லித்தியம் நிறைந்த சிலிக்கனின் பருமன் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. கிராஃபைட் பத்தில் ஒரு பங்களவே விரிகிறது. விரிந்து சுருங்கும் சிலிக்கன் துகள் வெடிக்கிறது.

வெடிப்பைவிடப் பெரிய இடர் துகளின் மேற்பரப்பில் உள்ளது. மின்பகுளி சிதைந்து எதிர்மின்வாயின்மீது ஒரு மெல்லிய காப்புப் படலமாகப் படிகிறது. கிராஃபைட்டில் அது முதற்சில சுற்றுகளில் பெரிதும் நிலைபெற்றுவிடும். சிலிக்கனிலோ ஒவ்வொரு விரிவிலும் கிழிந்து, புதிய பரப்பில் மீண்டும் படிகிறது. படியுந்தோறும் சிறிது லித்தியம் அதனுள் சிக்கி மீளாது போகிறது.

துகளைச் சிறிதாக்கினால் போதாதா? ஏறத்தாழ 150 நானோமீட்டருக்குக் குறைந்த துகள்கள் முதல் மின்னேற்றத்தில் வெடிப்பதில்லை என்பது 2012-இல் மின்னணு நுண்ணோக்கியால் கண்டறியப்பட்டது. ஆயினும் துகள் சிறுத்தால் மொத்த மேற்பரப்பு பெருகும், படலமும் பெருகும். எனவேதான் கலப்புப் பொருள் தேவையாயிற்று. நுண்துளைக் கரியினுள் சிலிக்கனைப் படியவைத்து, துளைகளை முழுதும் நிரப்பாமல் விடுகின்றனர். வீக்கம் அவ்வெற்றிடத்துள் அடங்குகிறது. மின்பகுளி வெளிக்கரியையே பெரிதும் தொடுகிறது. மின்சாரத்தையும் கரியே கடத்துகிறது. வெற்றிடத்துக்கும் கரிக்கும் இடம் போவதால், 3,600 என்னும் எண்ணைக் கலப்புப் பொருள் எட்டாது.

ஆய்வுச் செய்திகளைப் படிக்கும் மாணவர், சோதனை எக்கலத்தில் நடந்தது என்று பார்க்க வேண்டும். எதிரில் லித்தியம் உலோகத் தகடு இருந்தால், இழந்த லித்தியத்தை அத்தகடு ஈடுசெய்துகொண்டே இருக்கும். இழப்பு வெளியே தெரியாது. கைப்பேசிக் கலத்தில் அத்தகைய சேமிப்பு இல்லை.