ரிங்லெட் குளிரும் பிரஷர் கணக்கும்

தாப்பாவிலிருந்து பழைய மலைச்சாலையில் ஏறினால் கேமரன் மலையில் முதலில் வரும் ஊர் ரிங்லெட். கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல். 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் பக்கத்திலேயே இருக்கிறது. பனி விலகாத காலையில் கொழுந்தெடுக்க இறங்குகிறவரின் விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தால் வெளுத்திருக்கும். சூடான தேத்தண்ணிக் கோப்பையைச் சற்று நேரம் பிடித்திருந்தால் மறுபடி சிவக்கும்.

இரத்தக்குழாய் சுருங்குவதும் விரிவதும் கண்ணுக்குத் தெரிகிற இடம் அந்த விரல் நுனி.

குழாயும் கணக்கும்

பிரஷரை இதயம் மட்டும் தீர்மானிப்பதில்லை. இதயம் எவ்வளவு இரத்தத்தைத் தள்ளுகிறது என்பது பாதிக் கதை. எதிரே உள்ள குழாய் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பது மீதி. காய்கறித் தோட்டத்து ரப்பர் குழாயை நடுவில் அழுத்தினால், பிடித்த இடத்துக்குப் பின்னால் அது விம்முமே, அதேபோலத்தான்.

முடியைப் போல மெல்லிய தமனிக் கிளைகளின் சுவரில் தசை உண்டு. குளிர் பட்டதும் நரம்பு முனைகளில் நோர்அட்ரினலின் சுரந்து அந்தத் தசையை இறுக்கும். உடல் சூட்டைக் காப்பாற்றும் ஏற்பாடு இது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் கண்டுசொன்ன கணக்கு கொஞ்சம் மிரட்டும். குழாயின் ஆரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே எதிர்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். பாதியானால் 16 மடங்கு.

விரிக்கவும் ஆள் உண்டு. குழாயின் உட்பூச்சு நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து தசையைத் தளர்த்துகிறது. இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. நடை அந்தச் சுரப்பைத் தூண்டும், சிகரெட் கெடுக்கும்.

அளக்கும் நேரம்

2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்கள் 10 பேரில் 3 பேருக்கு உயர் இரத்த அழுத்தம். பலருக்கு அது இருப்பதே தெரியாது. அளந்தால்தான் தெரியும்; அதிலும் குளிரில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய கையோடு அளந்தால் எண் கூடுதலாகவே காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரம் தேத்தண்ணி கூடாது. தேயிலை ஊரில் இதுதான் கடினமான விதி!

மாத்திரையும் கால் வீக்கமும்

இங்கே பலரின் பையில் இருப்பது அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை. தசைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைத்துத் தமனிக் கிளைகளை விரிக்கும். சிரைகள் அதே அளவுக்கு விரிவதில்லை. அதனால் நீர் கசிந்து, நாளெல்லாம் நின்று வேலை செய்தவரின் கணுக்கால் மாலையில் வீங்கலாம். "கிட்னி போச்சு" என்று பயந்து மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுபவர்கள் உண்டு. டாக்டரிடம் காட்டினால் காரணத்தைப் பார்த்து, அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

இன்னொன்று, மலையிறங்கும்போது. தாப்பாவில் கல்யாண வீட்டு வெயிலில் நிற்கும்போது தோலின் குழாய்கள் விரிந்துகொள்ளும். மாத்திரையும் சேர்ந்துகொண்டால் பிரஷர் இறங்கித் தலை சுற்றலாம். உடனே உட்கார வேண்டும், முடிந்தால் படுக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அதை மறக்காமல் சொல்லவும் வேண்டும்.