ஏழு மீன் கதைக்குள் ஒரு எழுத்து வகுப்பு: ஒண்ணாம் வகுப்புக்கு எதுக்கு கதை?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் காடு. மழை வந்தால் உளை, வெயில் வந்தால் வெடிப்பு. எம்.ரெட்டியபட்டி மாதிரியான ஊர்களில் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பேச்சுப் பஞ்சம் கிடையாது. கம்மாயில் எவ்வளவு தண்ணி கிடக்கு, பக்கத்து வீட்டு ஆடு எத்தனை குட்டி போட்டுச்சு, அப்பத்தாவுக்கும் சித்திக்கும் என்ன சண்டை என்று எல்லாவற்றையும் கை கால் ஆட்டிச் சொல்லும். அதே பிள்ளை ஜூன் மாதம் ஒண்ணாம் வகுப்பில் உட்கார்ந்ததும் கப்சிப். ‘உன் பெயர் என்ன?’ என்று டீச்சர் கேட்டால்கூடத் தரையைப் பார்க்கும்.

வீட்டில் வாயாடி, பள்ளியில் ஊமை. இந்த இடைவெளியில்தான் தொடக்கப் பள்ளியின் பெரிய சிக்கல் இருக்கிறது. அதை அடைக்க உலகம் முழுக்க ஆசிரியர்கள் கையில் எடுத்த பழைய கருவி ஒன்று உண்டு. கதை.

பிரச்சினை எவ்வளவு பெரியது?

கிராமப்புற வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கும் ‘அசர்’ ஆய்வு ஒரு எளிய கேள்வி கேட்கிறது. மூணாம் வகுப்புப் பிள்ளையால் ரெண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிகிறதா? தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2018-லேயே முடிந்தவர்கள் பத்தில் ஒருவர் அளவுதான். கொரோனா பூட்டிவைத்த பள்ளிகள் திறந்த பிறகு, 2022-ல் அது இருபதில் ஒருவராக விழுந்தது. 2024-ல் மீண்டு, ஏறக்குறைய எட்டில் ஒருவர் என்ற நிலைக்கு வந்தது.

2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியதற்குப் பின்னணி இதுதான். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைக்கும் வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் வர வேண்டும் என்பது இலக்கு. வகுப்பு எது என்று பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பது வழி. வகுப்பறையில் கதைக்களம், பொம்மலாட்டக்களம் என்று மூலைகள் ஒதுக்கப்பட்டன. அரசு ஆவணத்திலேயே கதைக்கு நாற்காலி போட்டாயிற்று. ஆனால் அந்த நாற்காலியில் கதை தினமும் உட்காருகிறதா என்பது வேறு கேள்வி.

கதை என்ன வேலை செய்கிறது?

ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். ஏழு மீன் கதை. தெலுங்கு பேசும் வீடுகளில் ‘ஏடு சேப்பல கத’ என்று சொன்னால் பெரியவர்கள் முகமே மலரும். கரிசல் காட்டில் வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ் என்று வாழும் குடும்பங்கள் கணிசம். தமிழிலும் இதே சாயலில் சங்கிலிக் கதைகள் உண்டு.

கதை இதுதான். ஒரு ராஜா, ஏழு மகன்கள். ஏழு பேரும் ஏழு மீன் பிடித்து வந்து வெயிலில் காயப் போடுகிறார்கள். ஆறு காய்கிறது, ஒன்று காயவில்லை. ஏன் என்று மீனைக் கேட்டால், வைக்கோல் படப்பு வெயிலை மறைச்சிருச்சு என்கிறது. படப்பைக் கேட்டால் மாடு தின்னலை என்கிறது. மாடு மேய்ப்பவனைக் கை காட்டுகிறது. அவன் தனக்குக் கஞ்சி ஊத்தாத பாட்டியை, பாட்டி அழுத பிள்ளையை, பிள்ளை கடித்த எறும்பை. கடைசியில் எறும்பு சொல்லும் நியாயம்: என் புத்துக்குள்ள விரலை விட்டா கடிக்க மாட்டேனா?

மூணு நிமிஷக் கதை. இதை வைத்து ஒரு வாரம் வகுப்பு நடத்தலாம்.

முதலில் கேட்டல். வாயில் விரல் வைத்து உட்காருவதைத்தான் நம் பள்ளிகள் பல காலம் ‘கேட்பது’ என்று எடுத்துக்கொண்டன. அது அமைதி, அவ்வளவுதான். கேட்கிற பிள்ளை அடுத்து என்ன வரும் என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டே இருக்கும். ‘மாடு யாரைச் சொல்லுச்சு தெரியுமா?’ என்று டீச்சர் நிறுத்தினால் பத்துக் குரல் வரும். தப்பாகச் சொன்ன பிள்ளையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அடுத்து பேசுதல். சங்கிலிக் கதையில் கேள்வி ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வரும். ஏன் காயல, ஏன் மேயல என்று வினை மட்டும் மாறும். மூணாவது சுற்றிலேயே வகுப்பு முழுக்கச் சேர்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்துவிடும். கூட்டத்தோடு குரல் கொடுக்கும்போது கூச்சப்படுகிற பிள்ளை மாட்டிக்கொள்ளாது. பிறகு வேஷம் பிரிக்கலாம். நீ படப்பு, நீ மாடு, நீ பாட்டி. வாயே திறக்காத பிள்ளைக்கு எறும்பு வேஷம் கொடுப்பது அனுபவசாலி டீச்சரின் தந்திரம். ஒரே வசனம், அதுவும் எல்லாரும் சிரிக்கிற வசனம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சின்னப் பிள்ளை கதை சொன்னால் ‘அப்புறம்... அப்புறம்... அப்புறம்’ என்றுதான் போகும். ஏழு மீன் கதையைத் திருப்பிச் சொல்ல ‘அப்புறம்’ பத்தாது. ‘அதனால’ வேண்டும். மாடு தின்னலை, அதனால படப்பு அப்படியே நின்னுச்சு. காரணமும் விளைவும் கோக்கிற இந்தச் சின்ன வார்த்தை வாய்க்குள் வந்துவிட்டால், பிற்பாடு அறிவியல் விடை எழுதும்போதும் அது கை கொடுக்கும். தனித்தனி வார்த்தைப் பட்டியல் படித்தால் ‘அதனால’ வராது.

கடைசியில் எழுதுதல். ஒண்ணாம் வகுப்பு முதலில் படம் வரையும். மீன், படப்பு, மாடு, எறும்பு. படத்துக்கு அடியில் பெயர். ‘மாடு’ எழுதத் தெரிந்தால் போதும், அது ஒரு எழுத்துக்காரரின் முதல் நாள். ரெண்டாம் வகுப்பு அதே அச்சில் வாக்கியம் எழுதும், ஒரு சொல் மட்டும் மாறும். மூணாம் வகுப்பிடம் ‘உங்க ஊர் சங்கிலி ஒண்ணு எழுதுங்க’ என்று விட்டுவிடலாம். அது இப்படிப் போகலாம்: கம்மாய் ஏன் நிறையல? ஓடையில தண்ணி வரல. ஓடையில ஏன் வரல? கருவேலம் அடைச்சிருச்சு. எட்டு வயதுப் பிள்ளை ஊர்ப் பிரச்சினையைக் காரணம் காட்டி எழுதியாயிற்று. கட்டுரைப் பயிற்சி என்று தனியாக என்ன வேண்டும்?

இன்னொரு லாபமும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு ரெண்டு ஆசிரியர். அதாவது சின்ன ஊர்களில் ஒரே டீச்சர், ஒரே அறையில் ரெண்டு மூணு வகுப்பைப் பார்க்க வேண்டும். ஒரே பாடத்தை மூணு வகுப்புக்கும் நடத்த முடியாது. ஒரே கதையைச் சொல்ல முடியும்.

‘காயல’ என்று எழுதினால் தப்பா?

தமிழில் இது நுட்பமான இடம். பிள்ளை பேசுவது ‘மீன் காயல’. புத்தகத்தில் இருப்பது ‘மீன் காயவில்லை’. வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைக்கு இது மூணாவது படி. பேச்சைத் திறந்ததுமே ‘அப்படிச் சொல்லக் கூடாது’ என்று திருத்தினால் அடுத்த நாள் பிள்ளை பேசாது. திருத்தாமலே விட்டால் நாலாம் வகுப்பில் புத்தகம் அந்நியமாகிவிடும்.

நியூசிலாந்தில் மாவோரி பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய சில்வியா ஆஷ்டன் வார்னர் 1963-ல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு வழி காட்டினார். பிள்ளைக்கு வேண்டிய சொல்லைப் பிள்ளையிடமே கேட்டு, அட்டையில் எழுதிக் கொடுத்து, அதிலிருந்து வாசிப்பைத் தொடங்குவது. சிகாகோவில் பாலர் வகுப்பு ஆசிரியராக இருந்த விவியன் பேலி இன்னும் ஒரு படி போனார். பிள்ளை சொல்லச் சொல்லக் கதையை எழுதிக்கொள்வார். அன்றைக்கே அதை வகுப்பு நடித்துக் காட்டும். தன் வாயிலிருந்து வந்தது தாளில் நிற்கிறது, தாளிலிருந்து மறுபடி உயிரோடு எழுகிறது என்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்கும். எழுத்து எதுக்கு என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் கிடைக்காது.

நம் வகுப்பறைக்கு இதை இப்படிக் கொண்டு வரலாம். பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே கரும்பலகையில் எழுதி, அடியில் பிள்ளையின் பெயரையும் எழுதுவது. ரெண்டொரு நாள் கழித்துப் பக்கத்திலேயே புத்தகத் தமிழில் இன்னொரு வாக்கியம். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்வது. ‘காயல’ தப்பு என்று யாரும் சொல்லவில்லை, ‘காயவில்லை’ புதுசாக வந்து சேர்ந்திருக்கிறது.

எழுத்துப் பிழைக்கும் இதே பொறுமை வேண்டும். ல, ள, ழ குழம்பும். புள்ளி விடுபடும். ‘கொ’வுக்குக் கொம்பு போட்டுவிட்டுக் காலை மறந்திருக்கும். நோட்டு முழுக்கச் சிவப்பு மையால் வட்டம் போட்டால் அடுத்த தடவை பிள்ளை தனக்கு நிச்சயமாகத் தெரிந்த மூணு சொல்லை மட்டும் எழுதும். தப்பும் இருக்காது, கதையும் இருக்காது. அருப்புக்கோட்டை சைவபானு சத்திரிய கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவரும், அறிவொளி இயக்கத்தில் பணியாற்றியவருமான ச.மாடசாமி தன் புத்தகம் ஒன்றுக்கு வைத்த பெயரே ‘என் சிவப்பு பால்பாயின்ட் பேனா’. ஆசிரியரின் அதிகாரம் எங்கே குடியிருக்கிறது என்று கேட்டால் அந்தப் பேனாவைக் கை காட்டலாம்.

இது புதுசா?

இல்லை. குஜராத்தின் பாவ்நகரில் 1920-ல் பால மந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேக்கா, 1930-களில் எழுதிய ‘திவாஸ்வப்ன’ என்ற நூலில் வரும் ஆசிரியர், கூச்சலும் குழப்பமுமாக இருந்த வகுப்பைக் கதை சொல்லித்தான் வசப்படுத்துவார். ‘கதை சொல்லிக்கொண்டே இருந்தால் பாடம் எப்போ?’ என்ற கேள்வி அந்தப் புத்தகத்திலேயே வந்துவிடுகிறது. 90 வருஷமாக அதே கேள்விதான்.

கரிசல் காட்டுக்கு இந்த விஷயத்தில் வெளியாள் உதவி தேவையே இல்லை. கோவில்பட்டி பக்கம் இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் இந்த வட்டாரத்தின் வாய்மொழிக் கதைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். வட்டார வழக்குக்குத் தனி அகராதியே போட்டார். கல்லூரி வாசல் மிதிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்து உட்கார வைத்ததும், 1991-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்ததும், பள்ளிக்கூடம் ‘கொச்சை’ என்று ஒதுக்கிய அதே பேச்சுத் தமிழுக்காகத்தான்.

அப்போ ஏன் எல்லா வகுப்பிலும் நடப்பதில்லை?

நேரம்தான் முதல் காரணம். பாடத்தை முடிக்க வேண்டும், மதிப்பீடு நடத்த வேண்டும், அதைச் செயலியில் ஏற்ற வேண்டும். எண்ணும் எழுத்தும் வந்த பிறகு பதிவேற்றும் வேலை கூடிவிட்டது என்று ஆசிரியர் சங்கங்கள் வெளிப்படையாகவே குறை சொல்லின. அதில் நியாயம் உண்டு. பிள்ளை எத்தனை எழுத்து வாசித்தது என்பதைச் செயலியில் குறிக்க முடியும். ஒரு வருஷம் பேசாத பிள்ளை எறும்பு வேஷத்தில் வாய் திறந்ததைக் குறிக்க அதில் கட்டம் ஏது?

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். கதை மட்டும் போதும் என்பதும் பிழை. தமிழில் 247 எழுத்து. அதில் 216 உயிர்மெய். கால், கொம்பு, விசிறி எந்த ஒலிக்கு எது என்று வரிசையாக, தினமும் சொல்லித்தராமல் வாசிப்பு தானாக வந்துவிடாது. கதை கேட்டு மகிழ்ந்தும் எழுத்து தெரியாமல் நாலாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் உண்டு. காலையில் கதையிலிருந்து ‘மா’ எடுத்து, மாடு, மாமா, மாலை என்று எழுத்து வேலை. மதியம் மறுபடி கதை. ரெண்டும் ஒரே கயிற்றின் ரெண்டு புரி.

வீட்டில் என்ன செய்யலாம்?

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, பிள்ளைக்குப் படுக்கும் நேரத்தில் யூடியூபில் கதை போட்டு விடுகிறவர்களுக்கு ஒரு தகவல். 1988-ல் அமெரிக்க உளவியலாளர் ஒயிட்ஹர்ஸ்ட் குழு ஒரு ஆய்வு வெளியிட்டது. ஒரு மாதம், பெற்றோர்கள் படப் புத்தகம் வாசிக்கும் விதத்தை மட்டும் மாற்றினார்கள். தாங்களே வாசித்துக்கொண்டு போகாமல் இடையில் ‘இது என்ன? ஏன் ஓடுது?’ என்று கேட்டு, பிள்ளை சொன்னதோடு ரெண்டு சொல் கூட்டிச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளின் பேச்சு, சும்மா வாசித்துக் காட்டப்பட்ட பிள்ளைகளைவிட முன்னேறியது. வீடியோ நிறுத்திக் கேள்வி கேட்காது.

புத்தகம் வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிலை வாரியாக இலவசமாகவே கிடைக்கின்றன. போனில் திறந்தால் போதும். அதைவிடச் சுலபமான ஒன்றும் இருக்கிறது. ஊரில் இருக்கும் அப்பத்தாவுக்கு ஒரு வீடியோ கால். கதையை அவர் பாதியில் நிறுத்தி, ‘மிச்சத்த நீ சொல்லு’ என்று பிள்ளையிடம் கேட்கட்டும். பிள்ளை தப்புத் தப்பாகச் சொன்னால், மாடு பேசுவதற்குப் பதில் பைக் பேசினால், திருத்த வேண்டாம். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துப் பைக் என்ன சொல்லுச்சு என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் ராத்திரி அதை வாசித்துக் காட்டலாம்.