இரட்டையரைப் பிரிக்கும் பஞ்சு

சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சந்நிதிக்கு முன்னால் தரையில் ஒரு சக்கரம் உண்டு. மனம் கலங்கியவர்களை அதில் உட்காரவைத்து வேண்டிக்கொள்வது ஊர் வழக்கம். வேண்டுதல் இருக்கட்டும், டாக்டர் எழுதித் தந்த மாத்திரையை மட்டும் தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்த மாத்திரைக்குப் பின்னால் எத்தனை உழைப்பு இருக்கிறது!

மனச்சோர்வுக்குத் தரும் சிட்டலோபிராம், டென்மார்க்கின் லுண்ட்பெக் நிறுவனத்தில் 1972-ல் உருவானது. அதில் S, R என்று இரண்டு வடிவங்கள் சரிபாதியாகக் கலந்திருக்கும். கோயில் வாசலில் கழற்றிவிட்ட ஒரு ஜோடிச் செருப்பைப் பாருங்கள்: அளவு ஒன்று, எடை ஒன்று, ஆனால் இடது செருப்பு வலது காலில் சேராது. இந்த மூலக்கூறுகளும் அப்படித்தான். மூளையில் செரடோனினை உறிஞ்சும் புரதத்தில் S வடிவம்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதை மட்டும் பிரித்தெடுத்ததே எஸ்சிட்டலோபிராம். சிட்டலோபிராம் 20 மில்லிகிராம் செய்யும் வேலைக்கு இது 10 போதும்.

எப்படிப் பிரிப்பது? இரண்டும் ஒரே சூட்டில் உருகும், ஒரே அளவு கரையும். இடம் வலம் தெரிந்த இன்னொரு பொருள்தான் இவற்றை அடையாளம் காணும். நம்மூர் விசைத்தறியில் ஓடும் பருத்தி நூல் கிட்டத்தட்ட முழுக்க செல்லுலோஸ். அதற்கு அந்த இட வல பேதம் உண்டு. அதையே வேதிமுறையில் கொஞ்சம் மாற்றி, 5 மைக்ரான் சிலிக்கா மணிகளின் மேல் பூசி, 25 சென்டிமீட்டர் எஃகுக் குழாயில் இறுக அடைக்கிறார்கள். ஹெக்சேனும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் கலந்த திரவம் மருந்தைத் தள்ளிக்கொண்டு போகும். துளி டைஎத்திலமீனும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் காரத்தன்மையுள்ள இந்த மருந்து சிலிக்காவில் ஒட்டி இழுபடும். ஒரு வடிவம் பூச்சோடு அதிகம் ஒட்டி உறவாடிப் பின்தங்க, மற்றது முந்தி வரும். வெளியேறும் வழியில் புறஊதா ஒளி. மருந்து அதை உறிஞ்சும்போது திரையில் இரண்டு முகடுகள் எழும். அவற்றின் பரப்பே அளவு. எஸ்சிட்டலோபிராமைச் சோதிப்பவரின் கண், பெரிய முகட்டை விட்டுவிட்டு, அருகில் சிறு மேடு தெரிகிறதா என்றுதான் தேடும். அதுதான் ஒட்டிக்கொண்டு வந்த R.

ரத்தத்தில் இந்த மருந்து இருப்பதோ மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில். அதை அளக்க, மூலக்கூறை எடையால் அடையாளம் காணும் நிறைமானி வேண்டும். ஆனால் எடை ஒன்றேயான இரட்டையரை நிறைமானி தனியே பிரித்தறியாது. குழாய் முதலில் பிரித்துக் கொடுத்தாக வேண்டும்.

தொழிற்சாலை அளவில் இரண்டையும் பிரிக்கப் புளி கைகொடுக்கிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலத்தின் வழிவந்த ஒரு சேர்மத்தை, மருந்தாவதற்கு முந்தைய நிலைப் பொருளோடு சேர்ப்பார்கள். ஒரு வடிவத்தின் உப்பு படிகமாக அடியில் இறங்கும். மற்றது கரைசலிலேயே நிற்கும். வடிகட்டி எடுக்கலாம். எடுத்தது எவ்வளவு சுத்தம் என்று பார்க்க, மறுபடி அந்த செல்லுலோஸ் குழாய்க்குத்தான் வரவேண்டும்.