யாரிடமிருந்து எடுத்தாய்?

புதுக்குடியிருப்பில் என்னிடம் படித்து இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கும் மாணவி ஒருத்தி, லீவில் வந்தபோது தனது ஒப்படையைக் காட்டினாள். களப்புகள் பற்றியது. வாசிக்கும்போதே அவளுடைய எழுத்தல்ல என்று விளங்கியது. ஆங்கில இணையப் பக்கங்களைக் கூகுளில் மொழிபெயர்த்து, வசனங்களைத் திருத்தியிருந்தாள். "தமிழாக்கினால் டர்னிட்டினில் பிடிபடாது சேர்" என்றாள்.

அவள் சொன்னதில் உண்மை உண்டு. அந்த மென்பொருள் ஒப்பிடுவது பெரும்பாலும் சொற்தொடர்களைத்தான். மொழி மாறினால் பல நேரம் தப்பிவிடும். ஆனால் பிடிபடாதது வேறு, களவில்லாதது வேறு. பிறரிடமிருந்து எடுப்பது குற்றமே அல்ல, எடுத்த இடத்தை மறைப்பதுதான் குற்றம்.

ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இது புதிதல்ல. நேரடியாகக் கேட்காததைக் கேட்டதுபோலத் தோன்ற அறிவிப்பதைத் தத்லீஸ் என்பார்கள். அப்படிச் செய்பவர், "நான் கேட்டேன்" என்று தெளிவாகச் சொன்னாலன்றி, அவரது அறிவிப்பை ஏற்பதில்லை என்றார் இமாம் ஷாபிஈ.

இது மாணவர்களோடு நிற்பதுமில்லை. இந்தியாவின் குமாவோன் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பி.எஸ். ராஜ்புத், தன் மாணவருடன் சேர்ந்து வெளியிட்ட இயற்பியல் கட்டுரை, ஸ்டான்போர்ட் பேராசிரியை ரெனாட்டா கல்லோஷ் 1996 இல் எழுதியதன் பிரதி என்று 2002 இல் தெரியவந்தது. நோபல் பரிசு பெற்றவர்கள் உட்பட ஸ்டான்போர்ட் விஞ்ஞானிகள் அன்றைய ஜனாதிபதி அப்துல் கலாமுக்கே கடிதம் எழுதினார்கள். விசாரணை நடந்தது, 2003 இல் துணைவேந்தர் பதவி விலகினார். அது ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு எடுத்தது, கண்ணில் பட்டது. தமிழுக்கு மாற்றியிருந்தால்?

அவளை ஏச எனக்கு வாய் வரவில்லை. ஆசிரியர் கலாசாலையில் எனது செயல்நிலை ஆய்வின் முதல் அத்தியாயம், முந்திய அணி நண்பர் ஒருவருடையது. பாடசாலைப் பெயரை மட்டும் மாற்றினேன். நல்ல புள்ளி கிடைத்தது, யாரும் கேட்கவில்லை. இன்று பிள்ளைகள் இணையத்தில் அச்செடுத்துவரும் செயற்றிட்டங்களுக்கு, அட்டை அழகைப் பார்த்துப் புள்ளி போடுவதும் நாங்கள்தானே. பல்கலைக்கழகம் போய்த் திடீரென்று மேற்கோள் காட்டு என்றால் எங்கிருந்து வரும்?

உன்னுடையதை மட்டும் கோடிடு என்றேன். ஒன்றரைப் பக்கம் தேறியது. நந்திக்கடலில் இறால் குறைந்துவருவது பற்றி அவளுடைய வாப்பா சொன்னவை. ஒப்படையில் உயிர் இருந்ததும் அந்த இடத்தில்தான்.

"இதற்கும் பெயர் போடவேணுமா சேர்? வாப்பாதானே."

போடத்தான் வேண்டும் என்றேன். நேர்காணல் என்று எழுதி, திகதியும் போட்டாள். மற்றதைத் திரும்ப எழுத இரண்டு கிழமை எடுத்தது.