உங்கள் பெயரில் ஒரு கோப்பு – 6
கட்டி முடித்த கடன்

"சிபில்ல உங்க பேர்ல ஒரு கடன் நிலுவையில இருக்குதுங்கம்மா."

தையல் மிஷின் வாங்கக் கடன் கேட்டுப் போன அண்ணிக்கு ஈரோட்டில் ஒரு வங்கிக் கிளையில் கிடைத்த பதில் இவ்வளவுதான். என்ன கடன், எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். "எல்லாம் சிஸ்டத்துல வருதுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். சிபிலைச் சரிசெய்து தருவதாக ஒரு புரோக்கர் 5,000 ரூபாய் கேட்க, கொடுக்கும் முன் எனக்கு போன் செய்தார்.

"யாருக்கும் ஒத்தப் பைசா கொடுக்காதீங்க அண்ணி. அந்த அறிக்கையே உங்களுக்குச் சேர வேண்டியது."

கடன் கேட்டவர் பற்றித் தான் வாங்கிப் பார்த்த அறிக்கையின் நகலை, அவர் கேட்டால் வங்கி கொடுத்தாக வேண்டும். கடன் தகவல் நிறுவனங்களுக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அது. வங்கியை நம்பி நிற்கவும் வேண்டியதில்லை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் நம் கடன் கணக்கை வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. நம் அறிக்கையை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையும் என்று பலர் பயப்படுகிறார்கள். குறையாது.

அன்று இரவே எடுத்தோம். ஸ்கோரை விட்டுவிட்டு, கணக்குகள் இருக்கும் பக்கத்துக்குப் போகச் சொன்னேன். மூன்றாவது கணக்கு, பழைய ஸ்கூட்டி லோன். மாதத்துக்கு ஒரு கட்டம். எத்தனை நாள் தாமதம் என்பது அதில் எண்ணாக இருக்கும். 2021 மார்ச் வரை வரிசையாக 000. அதன்பின் 30, 61, 91 என்று ஏறிக்கொண்டே போயிருந்தது. நிலுவை 590 ரூபாய். கணக்கு முடிந்த தேதி இருக்க வேண்டிய இடம் காலி.

"முழுசாக் கட்டிட்டேனே தம்பி! என்.ஓ.சி. கூட வாங்கி வச்சிருக்கேன்." பீரோவிலிருந்து எடுத்து வந்தார். மடிப்பில் கிழிந்திருந்தாலும் முத்திரையும் தேதியும் தெளிவாக இருந்தன. கடன் கொடுத்த நிறுவனம் கணக்கை முடித்ததாக மேலே தெரிவிக்கவே இல்லை. யாரோ செய்யாமல் விட்ட வேலைக்கு, ஒரு தவணைகூடத் தவறாத பெண் கடனாளியாக நின்றிருக்கிறார். எனக்கு ஆறவில்லை.

என்.ஓ.சி. நகலுடன் சிபிலுக்கும் அந்த நிறுவனத்துக்கும் புகார் அனுப்பினோம். கடன் கொடுத்தவர் உறுதி செய்யாமல் சிபில் தானாக எதையும் திருத்தாது, புரோக்கராலும் முடியாது. புகார் கொடுத்து 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அதனால் புகார் எண்ணையும் தேதியையும் அண்ணி காலண்டரிலேயே குறித்து வைத்தார்.

இருபத்தாறாம் நாள் சிபிலில் அந்தக் கணக்கு முடிந்ததாக மாறியது. மற்ற மூன்று அறிக்கைகளையும் எடுத்துப் பார்த்தோம். இரண்டில் அதே 590 ரூபாய் இன்னும் நிற்கிறது. திங்கட்கிழமை அவற்றுக்கும் புகார் போயிருக்கிறது.

(தொடரும்)