புல்வெளியில் கேட்டதும் வீட்டில் கேட்டதும்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்ற நாளில் எங்கள் விரிவுரையாளர் ஒரு சோதனை செய்து காட்டினார். ஒரே மாணவனுடைய வரலாற்று விடைத்தாளைப் படியெடுத்து, வகுப்பிலிருந்த 30 பேரிடமும் கொடுத்துத் திருத்தச் சொன்னார். ஒருவர் 100-க்கு 38 மதிப்பெண் இட்டிருந்தார். மற்றொருவர் அதே தாளுக்கு 71 இட்டிருந்தார். "விடைத்தாள் ஒன்று, திருத்தும் கண் முப்பது" என்று அவர் நகைத்தது இன்னும் என் செவியில் இருக்கிறது.

இசையைப் பற்றி இருவர் வழக்காடக் கேட்கும்போதெல்லாம் அந்தச் சோதனைதான் என் நினைவுக்கு வரும். பொருள் ஒன்று, சுவை இரண்டு என்று எளிதாக முடிவு கட்டிவிடுவேன். அம்முடிவு எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதை 2023-ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தில், என் மகள் வீட்டு உணவு மேசையில் கற்றுக்கொண்டேன். தலைமையாசிரியனாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவன் தவறான தீர்ப்பு ஒன்றை வழங்கிய கதை அது. மாணவர்களாகிய நீங்கள் அதை மகிழ்ந்து கேட்பீர்கள் என்று நம்புகிறேன்.

என் மகளும் மாப்பிள்ளையும் பிரிஸ்டல் நகரில் வாழ்கிறார்கள். அந்நகருக்குத் தெற்கே, சாமர்செட் வட்டாரத்தில், பில்டன் என்று ஒரு சிற்றூர். அதனை அடுத்து வொர்த்தி பண்ணை என்னும் பால் பண்ணை உள்ளது. அதனை நடத்திவந்த மைக்கேல் ஈவிஸ் என்பவர், 1970 செப்டம்பர் 19-ஆம் நாள், தம் புல்வெளியில் ஓர் இசை விழா நடத்தினார். நுழைவுக் கட்டணம் 1 பவுன். வந்தவர்களுக்குப் பண்ணைப் பால் இலவசம். அன்று வந்தவர் ஏறத்தாழ 1,500 பேர். அதே புல்வெளியில் அண்மை ஆண்டுகளில் கூடியவர்களோ 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர். அண்டையிலுள்ள நகரின் பெயரால் அதனைக் கிளாஸ்டன்பரி விழா என்பர். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை விழாவை நிறுத்தி, நிலத்துக்கு ஓய்வு கொடுப்பதும் அங்கு வழக்கம்; 2018-இல் அவ்வாறு ஓய்வு கொடுத்தார்கள். நிலத்தைத் தரிசாக விட்டு ஆற்றும் உழவர் அறிவு, இசை விழா நடத்துவோருக்கும் இருப்பது எனக்குப் பெரிதும் பிடித்திருந்தது.

அங்குள்ள தலைமை மேடை எகிப்தியப் பிரமிடின் வடிவில் அமைந்தது. 1981-இல் எழுப்பிய பிரமிடு, விழா இல்லாத காலத்தில் மாட்டுக் கொட்டகையாகவும் பயன்பட்டது. 1994-இல் விழா தொடங்குவதற்குச் சிறிது முன்னர் அது தீக்கிரையாயிற்று. அதே 1994-ஆம் ஆண்டில்தான் சேனல் 4 நிறுவனம் அவ்விழாவைத் தொலைக்காட்சியில் காட்டத் தொடங்கியது. 1997 முதல் பி.பி.சி. அப்பணியை ஏற்றது. அன்றுமுதல் ஒரே நிகழ்ச்சிக்கு இருவகைச் சுவைஞர்கள் உண்டாயினர். சேற்றில் நின்று கேட்டவர் ஒரு வகை. நாற்காலியில் அமர்ந்து கேட்டவர் மற்றொரு வகை.

2023 ஜூன் 23, வெள்ளிக்கிழமை இரவு. அன்று பிரமிடு மேடையின் இறுதி நிகழ்ச்சி, ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த ஆர்க்டிக் மங்கீஸ் என்னும் ராக் இசைக்குழுவுக்கு உரியது. 2007-லும் 2013-லும் அதே மேடையில் பெயர்பெற்ற குழு அது. அவ்வாரத் தொடக்கத்தில் அதன் பாடகர் அலெக்ஸ் டர்னருக்குக் குரல்வளை அழற்சி கண்டதால், டப்ளின் நகர நிகழ்ச்சியைக் கைவிட்டிருந்தார்கள். கிளாஸ்டன்பரிக்கு வருவாரா, மாட்டாரா என்ற ஐயத்துக்கிடையே அவர் வந்து பாடினார். மாப்பிள்ளை நண்பர்களோடு புல்வெளியில் இருந்தார். மகளும் நானும் வீட்டில் தொலைக்காட்சியின் முன் இருந்தோம்.

திங்களன்று மாப்பிள்ளை சேறு படிந்த காலணிகளோடும் கம்மிய குரலோடும் வந்து சேர்ந்தார். உணவு வேளையில் வழக்கு மூண்டது. மகள், "குரலில் களைப்பு தெரிந்தது, பாட்டுகள் ஊர்ந்து சென்றன" என்றாள். மாப்பிள்ளையோ, தம் வாழ்நாளில் அப்படி ஓர் இரவைக் கண்டதில்லை என்றார். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பு வழங்கினேன். ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகக் கேட்டவர்கள் நாங்கள். கூட்டத்தின் நடுவே நின்றவர் உணர்ச்சிவசப்பட்டவர். ஆகவே எங்கள் சாட்சியமே வலுவுடையது என்றேன்.

"மாமா, நீங்கள் பார்த்தது படம், நான் இருந்தது இடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் தட்டைக் கழுவ எழுந்துவிட்டார். நான் புண்படுத்திவிட்டேன் என்பது மகளின் பார்வையிலிருந்து தெரிந்தது.

மறுநாள் மாலை, அவர் தம் கைப்பேசியில் பதிவுசெய்திருந்த ஒரு பாட்டைக் கேட்கச் செய்தார். அதில் பாடகரின் குரலை நான் தேடத்தான் வேண்டியிருந்தது. சுற்றிலும் நின்ற மக்கள் அனைவரும் பாடிக்கொண்டிருந்தார்கள். பாடகர் களைத்து நிறுத்திய இடங்களைக் கூட்டம் நிரப்பிக்கொண்டு போயிற்று. நான் வீட்டில் கேட்ட பாட்டு அதுவன்று. முப்பது கண்கள் ஒரே தாளைத் திருத்திய கதை இங்கே பொருந்தவில்லை. இங்குத் தாள்களே இரண்டு! ஒன்றைப் படித்துவிட்டு மற்றொன்றுக்கு மதிப்பெண் இட்டிருந்தேன். (கைப்பேசியின் பதிவும் முழு உண்மை அன்று என்பதைச் சொல்லிவிட வேண்டும், அது அருகிலுள்ள ஓசையையே மிகுதியாக வாங்கும்.)

இது எவ்வாறு நேர்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ராக் இசைக்குழுவில் பெரும்பாலும் மின் கித்தார், தாழ்சுரக் கித்தார், தோற்கருவிகள், பாடகர் ஆகியோர் இருப்பர். நம் மிருதங்கத்தையோ வீணையையோ ஒலிபெருக்கி இன்றியும் சிறிய கூடத்தில் கேட்கலாம். மின் கித்தாரை அவ்வாறு கேட்டால், தகரப் பெட்டியில் கட்டிய கம்பியைத் தட்டினாற் போன்ற மெல்லிய ஓசைதான் வரும். மின்பெருக்கியும் ஒலிபெருக்கியும் அதற்குத் துணைக்கருவிகள் அல்ல. கருவியின் பாதியே அவைதாம். ஆதலால், 'இதுதான் மூல ஒலி, மற்றவை அதன் நிழல்' என்று சுட்டிக்காட்ட இவ்விசையில் ஒன்றும் இல்லை. எவரோ ஒருவர் கலந்து கொடுத்த ஒலியைத்தான் எவரும் கேட்கிறார்கள்.

அந்தக் கலவையைச் செய்பவர் ஒருவர் அல்லர். மேடையிலுள்ள ஒவ்வோர் ஒலிவாங்கியிலிருந்தும் வரும் மின்குறிப்பு, மூன்று கிளைகளாகப் பிரிந்து செல்கிறது. ஒன்று மேடையோரத்தில் உள்ளவரிடம் போகிறது. பாடுவோரும் வாசிப்போரும் தம் ஓசையைத் தாமே கேட்கும்படி அவர் அனுப்புகிறார். இரண்டாவது, கூட்டத்தின் நடுவே மேடையை நோக்கி அமர்ந்திருப்பவருக்குப் போகிறது; புல்வெளிக்கு உரிய கலவை அவருடையது. மூன்றாவது, மேடைக்குப் பின்னால் நிற்கும் ஒலிபரப்பு வண்டிக்குப் போகிறது. அவ்வண்டிக்குள் சிறிய அறையில் அமர்ந்து, வீடுகளுக்கான கலவையைச் செய்பவர் வேறொருவர். கூட்டத்தின் ஆரவாரம் வேண்டுமானால், அதற்கென்று தனியே வைத்த ஒலிவாங்கிகளிலிருந்து அவர் எடுத்துச் சேர்க்க வேண்டும். எவ்வளவு சேர்ப்பது என்பது அவருடைய விரல் நுனியில் இருக்கிறது. குறைத்துச் சேர்த்தால், லட்சம் பேர் பாடியதும் வீட்டில் தொலைவிலுள்ள கடலோசை போலத்தான் கேட்கும். பாடகரின் மூச்சுத் திணறலோ காதருகே கேட்கும். நான் கேட்டதும் அதுவே.

இவ்வளவு ஏன்? இப்பொழுது என் வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே ஒரு சாண் தூரம் இருக்கிறது. கண்ணாடிக்கு அப்பால் ஒரு நண்பர் திருகின்மேல் கைவைத்து அமர்ந்திருக்கிறார். என் பழைய வகுப்பறையின் கடைசிப் பலகையில் அமர்ந்தவர்கள், இந்தக் குரல் அந்தக் குரல்தானா என்று ஐயுறக்கூடும்.

புல்வெளியிலும் எல்லாரும் ஒன்றையே கேட்பதில்லை. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. மேடையிலிருந்து 170 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அரை நொடி தாழ்ந்து வருகிறது. ஒளிக்கு அத்தகைய தாமதம் இல்லை. எனவே மேடையருகிலுள்ள பெருந்திரையில் பாடகரின் உதடு முன்னே அசைய, குரல் பின்னே வரும். தொலைவில் நிற்பவர்களுக்காக இடையிடையே ஒலிபெருக்கிக் கோபுரங்களை நிறுத்துகிறார்கள். மேடை ஒலியும் கோபுர ஒலியும் ஒன்றையொன்று முந்தி எதிரொலிபோல் குழம்பாதிருக்க, கோபுர ஒலியைக் கணக்கிட்டுத் தாமதப்படுத்துகிறார்கள். காற்று உயர்சுரங்களை மிகுதியாக உறிஞ்சிக்கொள்கிறது. தாழ்சுரங்கள் நெடுந்தூரம் செல்கின்றன. மேலும், மேடையிலிருந்து நம்மை நோக்கிக் காற்று வீசினால் ஒலி தரையை நோக்கி வளைகிறது. எதிர்க்காற்றானால் தலைக்கு மேலே வளைந்து போய்விடுகிறது. சுற்றியுள்ள ஊராரின் உறக்கம் கெடக்கூடாது என்று, விழா உரிமத்திலேயே ஒலியளவுக்கு எல்லை வகுத்திருக்கிறார்கள். ஒலி போதவில்லை என்று பின்வரிசையிலிருந்து எழும் முறையீட்டுக்கு, காற்றோ அந்த எல்லையோ காரணமாகலாம்; இசைக்குழுவின் சோம்பல்தான் காரணம் என்று கொள்ளுதல் ஆகாது.

மேடையில் நிற்பவர் கேட்பதோ மூன்றாவதொன்று. 1997 ஜூன் 28-ஆம் நாள், மழையால் சேறாகிக் கிடந்த அதே புல்வெளியில் ரேடியோஹெட் குழு பாடியது. பாடகர் தாம் யார்க்குக்கு, அவர் குரலை அவருக்கே கேட்பிக்கும் ஒலிபெருக்கி பழுதாயிற்று. விளக்குகள் கண்ணைக் கூசச் செய்தன. எதிரே மக்கள் இருப்பதும் தெரியவில்லை. அவர் மேடையை விட்டே போய்விட எண்ணினார். குழுவிலிருந்த எட் ஓ'பிரையன் அவரைத் தடுத்து நிறுத்தினார். பின்னர், மக்கள்மீது ஒளியைத் திருப்பும்படி விளக்குப் பணியாளரை யார்க் கேட்டுக்கொண்டார். எதிரே நின்ற கூட்டம் அப்போதுதான் அவர் கண்ணுக்குப் புலனாயிற்று. பாடியவருக்குத் துன்பமாக இருந்த அந்த இரவையே, கேட்டவர் பலர் அவ்விழாவின் மிகச் சிறந்த நிகழ்ச்சிகளுள் ஒன்றாகப் போற்றுகின்றனர்.

வீட்டில் இருப்பவர் மொத்தமாக இழந்துவிடுவதும் உண்டு. 1985 ஜூலை 13-இல் லண்டன் வெம்பிளி அரங்கில் நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியில், தி ஹூ என்னும் குழு பாடிக்கொண்டிருக்கையில் தொலைக்காட்சி இணைப்பு சிறிது நேரம் அறுந்துவிட்டது. அரங்கில் இருந்தோர் இடையறாது கேட்டனர். உலகெங்கும் திரையைப் பார்த்திருந்தோர் அப்பகுதியை இழந்தனர். அக்குழு நன்றாகப் பாடிற்றா என்று இவ்விரு சாராரும் வழக்காடினால், யார் பக்கம் நிற்பீர்கள்?

எல்லா வழக்கும் இவ்வகையைச் சேர்ந்ததன்று. 2008-இல் ஜே-இசட் என்னும் ராப் இசைஞர் பிரமிடு மேடையின் தலைமை நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்டபோது, கித்தார் இசைக்கு உரிய இடம் அது என்று ஓயாசிஸ் குழுவின் நோயல் கல்லகர் மறுப்புக் கூறினார். ஜே-இசட் மேடையேறி, ஓயாசிஸ் பாட்டு ஒன்றைப் பாடியே நிகழ்ச்சியைத் தொடங்கினார். அது மரபு பற்றிய வழக்கு, செவி பற்றியதன்று. அங்கே எங்கே நின்று கேட்டாலும் கருத்து மாறாது.

நான் ஊர் திரும்புவதற்கு முன் மாப்பிள்ளையிடம் என் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, பாடகரின் குரல் அன்று எப்படித்தான் இருந்தது என்று என்னையே கேட்டார். புல்வெளியில் நின்ற அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை! கம்மியிருந்தது, ஆயினும் தளராமல் பாடினார் என்று நான் கேட்டவாறு சொன்னேன். மகள் தலையசைத்தாள்.

அடுத்த ஆண்டு, 2024 ஜூன் 29-ஆம் நாள், கோல்டுபிளே குழு அம்மேடையில் பாடியது. இம்முறை மகள் விழாவுக்குப் போனாள். மாப்பிள்ளை வீட்டில் இருந்தார். கூட்டத்தினருக்குக் கொடுத்த மணிக்கட்டுப் பட்டைகள் இசைக்கேற்ப நிறம் மாறி ஒளிர்ந்தன. பள்ளத்தாக்கு முழுவதும் விளக்கேற்றினாற்போல் இருந்தது என்று மாப்பிள்ளை தொலைபேசியில் வியந்தார். மகளோ தன்னைச் சுற்றியிருந்த சில கைகளை மட்டுமே பார்த்தேன் என்றாள். ஆனால் தாழ்சுரம் நெஞ்செலும்பில் அதிர்ந்ததாகச் சொன்னாள். நிகழ்ச்சி எப்படி என்று இருவரும் மறுபடியும் மாறுபட்டார்கள். "அப்பா, நீங்கள் சொல்லுங்கள்" என்றாள் அவள்.

நீ எந்த இடத்தில் நின்றாய் என்று மட்டும் கேட்டேன். இரண்டாம் கோபுரத்துக்கு வலப்புறம், மரத்தடியில் என்றாள்.