முன்பின் அறியாதவர்க்கு ஒரு மடல்

நுழையும்முன்

தகுதி இருந்தும் அறிமுகம் இல்லாமையால் வாய்ப்பை இழப்போர் பலர். அறிமுகம் உறவினாலும் ஊராலும் மட்டுமே வாய்ப்பதன்று, எழுத்தினாலும் தேடிக்கொள்ளத்தக்கது. முன்பின் அறியாத ஒருவரிடம் மடல்வழிப் பரிந்துரை வேண்டும் முறையையும் அதன் அறத்தையும் விளக்குகிறது இவ்வுரைநடை.

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள திருப்பருத்திக்குன்றம் சமணக் காஞ்சி என வழங்கப்பெறுவது. இவ்வூரின் திரைலோக்கியநாதர் கோவில் விதான ஓவியங்களுக்குப் புகழ்பெற்றது. பட்டுநெசவு தழைத்த இவ்வட்டாரத்தில் தறியில் அமரும் பிள்ளைக்கு அறிமுக மடல் தேவைப்படுவதில்லை. தந்தையின் தறியே அவனுக்குப் பள்ளி. தந்தையை அறிந்த கூட்டுறவுச் சங்கமும் கடையும் அவனையும் அறியும். அவன் நெய்த சேலையே அவனுக்காகப் பேசும். ஆனால், அதே வீட்டிலிருந்து முதல் பட்டதாரியாக வெளிவரும் ஒருவர், ஒரகடத்துத் தொழிற்சாலையிலோ சென்னையின் மென்பொருள் நிறுவனத்திலோ பணியாற்ற விரும்பினால், அங்கு அவரை அறிந்தவர் எவரும் இலர். அவர் கற்ற கல்வி அவருக்காகப் பேசும் வழி யாது?

ஆற்றுப்படுத்தும் மரபு

இவ்வினாவிற்குத் தமிழ் மரபு தொன்மையான விடையொன்றை வைத்திருக்கிறது. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞரை அவ்வள்ளலிடம் வழிப்படுத்துவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையின. அவற்றுள் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்துவது. 500 அடிகளைக் கொண்ட அந்நூல், செல்லும் வழியையும், வழியிலுள்ள மக்களையும், அவர்கள் அளிக்கும் உணவையும், காஞ்சி நகரின் சிறப்பையும், அரசனின் இயல்பையும் எடுத்துரைக்கிறது.

இங்கு ஒன்றை நோக்க வேண்டும். ஆற்றுப்படுத்துபவர் பரிசிலைத் தாமே வழங்குவதில்லை, வழியையே காட்டுகிறார். வாயிலை அடைந்தபின் தன் யாழால் தன் தகுதியை நிறுவ வேண்டியவன் பாணனே. தகுதியை ஆராயாமல் அளிக்கும் பரிசிலை அக்காலப் புலவர்கள் பெருமையாகக் கொள்ளவில்லை. அதியமான் நெடுமான் அஞ்சி தம்மைக் காணாமலே அனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தியைப் புறநானூறு கூறுகிறது. பரிந்துரை தேடுவோர் முதலில் உணரவேண்டிய உண்மை இதுவே: வேண்டப்படுவது இரக்கம் அன்று, தம் தகுதியைக் காணும் ஒரு பார்வையே.

ஓர் எழுத்தரின் மடல்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வழியில் நடந்தவர் கணித மேதை இராமானுசன். கல்லூரித் தேர்வில் வெற்றி பெறாத அவர், பிழைப்பிற்கு வேலை தேடி, திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயரை அணுகினார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவரான அவரிடம் இராமானுசன் கேட்டது ஓர் எழுத்தர் பணி. காட்டியது தம் கணிதக் குறிப்பேடு. அதனைக் கண்ட இராமசாமி ஐயர், அத்தகைய அறிவைக் கீழ்நிலைப் பணியொன்றில் முடக்க விரும்பாமல், அறிமுக மடல் தந்து சென்னைக்கு அனுப்பினார். அங்கிருந்த பேராசிரியர் சேசு ஐயர் வழியாக, நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவின் ஆதரவும் கிட்டியது. ஒருவர் மற்றொருவரிடம் வழிப்படுத்திய இந்நிகழ்வுகள் ஆற்றுப்படையின் தொடர்ச்சியே எனலாம்.

1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்திற்கு இராமானுசன் விண்ணப்பித்தார். படிப்பு தடைப்பட்டதை அவர் மறைக்கவில்லை; கணிதத்தில் தொடர்ந்து ஈடுபட்டு வருவதையும் தெரிவித்தார். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் அளித்த பரிந்துரையையும் உடன் இணைத்தார். மார்ச் முதல் நாள் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார்.

அடுத்த மடல் கடல் கடந்தது. 1913 சனவரி 16 அன்று, தாம் ஒருமுறையும் கண்டிராத கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதினார். தாம் துறைமுக அலுவலக எழுத்தர் என்பதை முதலிலேயே கூறி, ஹார்டியின் ஆய்வுநூலொன்றில் விடை காணப்படாதிருந்த ஒரு செய்தியைச் சுட்டி, ஏறத்தாழ 120 தேற்றங்களை இணைத்து, அவற்றில் மதிப்பிருப்பின் வெளியிட உதவுமாறு வேண்டினார். அதற்கு முன்னர் கேம்பிரிட்ஜின் வேறு இரு அறிஞர்களுக்கு எழுதியும் பயன் விளையவில்லை. ஹார்டியோ, லிட்டில்வுட்டுடன் சேர்ந்து தேற்றங்களை ஆராய்ந்து, பிப்ரவரி 8 அன்று மறுமொழி விடுத்தார்.

அம்மாதம் 27ஆம் நாள் எழுதிய மடலில் இராமானுசன் தம் தேவையைத் தெளிவாகக் கூறினார்: பல்கலைக்கழகத்திடமோ அரசிடமோ உதவித்தொகை பெற ஹார்டியின் பரிவான மடல் துணைபுரியும் என்பதே அது. அவ்வாண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் வழங்கியது. 1914இல் அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார்.

மடலின் அமைப்பு

இராமானுசனின் அறிவு அரிதானது. அவர் மடல் எழுதிய முறையோ எவரும் கற்கத்தக்கது. தம்மை உண்மையாக அறிமுகப்படுத்தினார். பெறுநரின் பணியை அறிந்து எழுதினார். தம் உழைப்பின் சான்றை உடன் வைத்தார். வேண்டுவதை வரையறுத்துக் கேட்டார். மறுமொழி வாராதபோது சோர்ந்துவிடவில்லை.

இன்று அஞ்சலின் இடத்தில் மின்னஞ்சல் இருக்கிறது. நிறுவனங்கள் பலவற்றில், பணியாளர் தாம் அறிந்த தகுதியாளரைப் பணிக்குப் பரிந்துரைக்கும் முறை நடைமுறையில் உள்ளது. பரிந்துரைப்பவர் தம் பெயரையே பிணையாக வைக்கிறார். எனவே, அறியாதவரிடம் முதல் மடலிலேயே வேலை வாங்கித் தருமாறு கேட்பது பொருந்தாது. தம் பணியைப் பார்வையிட்டுக் கருத்துரைக்க வேண்டுவதே முறை. கீழ்க்காணும் மாதிரியை நோக்குக:

பொருள்: கணக்குச் செயலி குறித்துத் தங்கள் கருத்து வேண்டுதல்

மதிப்பிற்குரிய அம்மையீர், வணக்கம். நான் திருப்பருத்திக்குன்றத்து நெசவாளர் குடும்பத்தைச் சேர்ந்த கணினி அறிவியல் பட்டதாரி. நெசவாளர்களின் கூலிக் கணக்கைப் பதிவுசெய்யும் செயலி ஒன்றை உருவாக்கியுள்ளேன். கணக்குச் செயலிகள் குறித்த தங்கள் உரையைக் கேட்டே தங்களுக்கு எழுதுகிறேன். செயலியின் விவரத்தையும் என் தன்விவரக் குறிப்பையும் இணைத்துள்ளேன். தாங்கள் பத்து நிமிடம் ஒதுக்கிக் குறைகளைச் சுட்டினால் நன்றியுடையவனாவேன். தங்கள் நிறுவனத்தின் தொடக்கநிலைப் பணிக்கு நான் தகுதியுடையவன் எனக் கருதினால் மட்டும் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

இம்மடலைப் பெறுநரின் பெயரை மட்டும் மாற்றி நூறு பேருக்கு அனுப்பினால் அதன் உயிர் போய்விடும். பத்து நாள்களில் மறுமொழி வாராவிடின் ஒருமுறை பணிவுடன் நினைவூட்டலாம். அதன்பின்னும் வாராவிடின் வேறொருவருக்கு எழுதலாம். உதவியவர்க்கு, வேலை கிட்டினாலும் கிட்டாவிடினும், முடிவைத் தெரிவித்து நன்றி கூறுவது கடமை.

எல்லையும் அறமும்

எல்லா வாயிலுக்கும் பரிந்துரை பொருந்தாது. தேர்வாணையத்தின் வழி நிரப்பப்பெறும் அரசுப் பணிகளில் பரிந்துரை தேடுவதே தகுதியிழப்புக்குக் காரணமாகும். வேலை பெற்றுத் தருவதாகக் கூறிப் பணம் கேட்பவர் பரிந்துரைப்பவர் அல்லர், ஏமாற்றுபவர்.

தகுதியற்றவரை முன்னிறுத்தும் பரிந்துரை, தகுதியுடைய மற்றொருவரின் இடத்தைப் பறிக்கும். தகுதியைக் காணச்செய்யும் பரிந்துரையோ, அறிந்தவர் எவரும் இல்லாதவர்க்கு வாயிலைத் திறக்கும். அவ்வாறு உள்ளே சென்றவர்க்கும் ஒரு கடமை உண்டு. ஒருநாள் அவருக்கும் முன்பின் அறியாத ஓர் இளையவரின் மடல் வரும். அதனைத் திறந்து படித்து வழிகாட்டுதலே, பரிசில் பெற்ற பாணன் எதிர்வரும் பாணனுக்குச் செய்த கைம்மாறு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் திறனை வெளிப்படுத்தும் ஒரு செயலைத் தேர்ந்து, அதுபற்றித் துறைசார் வல்லுநர் ஒருவரிடம் கருத்து வேண்டி மின்னஞ்சல் எழுதுக.
2. 'பரிந்துரை தகுதிக்குத் துணையா, தடையா?' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.